புட்டா எந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் தினேஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தறி மூவரும் சுகம். அங்கே நீ, ரேவதி, பாப்பா மூவரும் குளிரில் விறைக்காமல் சுகமாக இருக்கக் குமரகோட்டத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் ரேவதி இருப்பாள், அவளுக்குத் தெரிந்தது அடுத்த நிமிஷம் அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் இங்கே தும்மினேன் என்று உன்னிடம் சொன்னால் மதியமே உன் மாமியார் வந்து, தும்மல் இருக்குதாமே சம்பந்தியம்மா, கஷாயம் வச்சுக் குடிச்சீங்களா, என்று நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பாலாஜிக்கும் உங்கள் கால்கரியிலேயே வேலை கிடைத்து நாளை புறப்படுகிறான், அவன் பெட்டியில் வடகத்துக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பூனை புட்டா போய்விட்டது. மார்கழிக் கடைசியில் ஒரு காலை, மெயின் ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்துவிட்டது. ரொம்ப நேரம் துடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். மாப்பிள்ளை மனசு ஒடஞ்சிடுவாரு, அவுங்க வர வரைக்கும் மூச்சு வுடாதீங்க, என்று உன் மாமியார் என்னிடம் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து யோசித்துப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் பங்குனியில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்பதே எனக்கு உன் மாமியார் சொல்லித்தான் தெரியும். டிக்கெட் போட்டதும் அவர்கள் சொல்லித்தான், பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைத்ததும் அவர்கள் சொல்லித்தான். உன்னைப் பற்றிய சேதி எல்லாம் எனக்கு அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் வருகிறது. நம் வீட்டுப் பூனை செத்த சேதியாவது உனக்கு என் வழியாக வரட்டும் என்றுதான் இந்தக் கடிதம். பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள். பொறாமைதான், யார் இல்லை என்றது.

நீ காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அது குட்டியாக வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. வெள்ளை உடம்பில் காசு காசாகப் பழுப்புப் பொட்டு, புடவையில் புட்டா போட்ட மாதிரி இருக்குதும்மா என்று நீதான் பேர் வைத்தாய். ஒரு நாள்கூட வீட்டுக்குள் படுத்ததில்லை, ஓட்டின் மேலேயும் தெருவிலேயும்தான் அதன் குடித்தனம். பசித்தால் ஜன்னல், எலி வாசனை அடித்தால் தறி மேடை. கஞ்சி போட்ட பாவு நூலை எலி விட்டுவைக்குமா, புட்டா வந்த பிறகு உங்கப்பாவின் பாவில் ஓர் இழைகூட எலி கடித்து அறுந்ததில்லை. நீ கனடா போன பிறகு அதற்கு நான்தான் தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். நம் வீட்டில் முட்டை ஓடுகூட வாசலைத் தாண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். கிருத்திகை அன்று நான் ஒரு பொழுது இருந்தால் அதுவும் மதியம் வரை ஜன்னல் பக்கம் வராது. எனக்கு ஒரே பெருமை. எங்க பூனை சுத்த சைவம்டி, விரதம்கூட இருக்குது, என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். எலி பிடிப்பது வேலை, தின்பது வேறு என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதே.

ரேவதிக்குப் பிரசவம் பார்க்க உன் மாமியார் விமானம் ஏறினார்களே, அந்த ஆறு மாதம்தான் என் பொற்காலம். பெண்ணுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பாடு என்பது ஊர் வழக்கம், அதனால் என்னைக் கூப்பிடவில்லை என்று நான் குறை சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. பிள்ளையும் பேத்தியும் அவர்கள் கையில், பூனை என் கையில் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஆறு மாதமும் புட்டா என் காலைவிட்டு நகரவில்லை. நான் துணி துவைத்தால் கல்லுக்குப் பக்கத்தில், வாசல் தெளித்தால் கோலத்துக்குப் பக்கத்தில். இப்படி ஒரு ஜீவன் நம்மைத் தேடுகிறதே என்று எனக்குக் கண் நிறைந்துவிடும். அப்புறம் ஆவணியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் கால்கரியிலே இப்படி, கால்கரியிலே அப்படி. மார்கழி மாதத்தில் பிள்ளையார்பாளையத்தில் யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா? போட்டார்கள். மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது, வீணாப் போவுதே, என்று என்னிடமே காட்டினார்கள். நல்லாயிருக்குது என்றேன். வேறு என்ன சொல்வது.

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நம் புட்டா உட்கார்ந்து நெத்திலிக் கருவாடு தின்றுகொண்டிருந்தது. அவர்களும் நம்மவர்கள்தான், தறிக்காரர்கள்தான், ஆனாலும் அந்த வீட்டில் கவுச்சி உண்டு என்பது பெண் பார்க்கப் போனபோதே தெரிந்த விஷயம். தெரியாதது என்னவென்றால், நீ ஊரைவிட்டுப் போன அடுத்த வாரத்திலிருந்தே இந்தச் சைவப் பூனை தினம் அங்கே போய் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்ததாம். கிருத்திகை விரதத்தின் ரகசியமும் அங்கேதான் இருந்தது. கூடவே பேரும் மாறியிருந்தது. ராஜாத்தியாம். ராஜாத்தி, இந்தாடி கண்ணு, என்று அவர்கள் கூப்பிட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. புட்டா என்று நான் கூப்பிட்டேன், திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கருவாட்டில் வாயை வைத்தது. அந்த ஆறு மாதமும் என் மேல் உள்ள ஆசையால் அது என்னோடு இருக்கவில்லை, அங்கே கருவாடு போடுகிறவர் ஊரில் இல்லாததால் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கொழுக்கட்டைத் தூக்கைக் கொடுத்துவிட்டு மனசு ஆறாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அது பூனை விஷயமாகப் படவில்லை. நீயும் அப்படித்தானே. நம் வீட்டில் வத்தக்குழம்பும் அப்பளமும் தின்று வளர்ந்த பிள்ளை, கல்யாணமாகி மறுவீடு போய் வந்தபோது நண்டு ரசம் சூப்பரா இருக்குதும்மா என்று என்னிடமே சொன்னாய். போன தடவை வந்தபோது பத்து வேளைச் சாப்பாட்டில் ஏழு வேளை அங்கே. நான் சமைத்து மூடிவைத்ததை உங்கப்பாதான் மறுநாளும் சூடுபண்ணித் தின்றார். வாய் ருசிக்கு ஆசைப்பட்டுப் போகிற பிள்ளையை இழுத்துக் கட்டவா முடியும் என்று விட்டுவிட்டேன். பூனையை விட மனசு வரவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறிப் போய், நம்மைத் தெரியாத ஒரு அம்மாவிடம் நெத்திலி வாங்கினேன். இங்கே வாங்கினால் தெரு சிரிக்குமே. பின்கட்டில் பழைய அலுமினியச் சட்டியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலசி வைத்தேன். அந்தக் காற்று நேரே தறி இருக்கிற கூடத்துக்குப் போய்விட்டது. உங்கப்பா முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார். தறிப் பள்ளத்திலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு முட்டை வேவச்சுக் குடுடின்னு கெஞ்சியிருக்கேன், வேற வூடு பாத்துக்கோன்னு சொன்னவ நீ, இன்னிக்குப் பூனைக்குக் கருவாடா, என்று கேட்டார். அவருக்கும் பொறாமை, பூனை மேல். பட்டில் கவுச்சி ஏறிவிடும் என்று அன்றைக்கு முழுக்கக் கூடத்தில் சாம்பிராணி போட்டோம். புட்டா வந்தது. நெத்திலியை ஒன்று விடாமல் தின்றது, மீசையைத் துடைத்தது, எழுந்து மெயின் ரோட்டைத் தாண்டி அங்கேயே போனது. அன்றிலிருந்து நான் கருவாடு வாங்கவில்லை. தயிர்சாதம் மட்டும் விடாமல் வைத்தேன். சில நாள் வந்து தின்றது, சில நாள் காக்கை தின்றது.

அந்தக் காலையில் நான் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மூலையில் இட்லிக் கடை வைத்திருக்கிற கிருஷ்ணம்மாள் ஆள் அனுப்பினாள். ஓடினேன். ரோட்டுக்கு நடுவே கிடந்தது, காயம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் உன் மாமியார் வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஸ்வெட்டரைக் கழற்றி அதன் மேல் போர்த்தியிருந்தார்கள். நீ வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர். அந்த நேரத்திலும் என் கண்ணுக்கு அதுதான் பட்டது. என் பூனை என்றேன். ராஜாத்தி போயிட்டாளே என்று அவர்கள் அழுதார்கள். பேர் புட்டா என்று சொன்னேன். நாலு பேர் பார்க்கிற இடம் என்றுகூடப் பார்க்கவில்லை. எங்கள் பின்கட்டில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைக்கிறோம் என்றார்கள், எங்க வூட்டுப் பூனை உங்க வூட்டு மண்ணுல எதுக்குப் போவணும் என்று நான் கேட்டேன். இப்படி நாங்கள் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கப்பாவும் உன் மாமனார் கோதண்டபாணி அண்ணனும் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய் மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரம் குழி தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டுப் புதைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, கிருஷ்ணம்மாள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம்.

எல்லாரும் கலைந்த பிறகு நான் கிருஷ்ணம்மாளிடம் போனேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அடிபட்டபோது புட்டா எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது? இங்கிருந்து அங்கேயா, அங்கிருந்து இங்கேயா? செத்துப்போன பிறகு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று நீ கேட்பாய், உங்கப்பாவும் அதைத்தான் கேட்டார். எனக்கு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. கிருஷ்ணம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உங்க வூட்டாண்டதாம்மா வந்துக்கினு இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன், என்றாள். அங்கேயே நின்று அழுதேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. கருவாட்டைத் தின்றாலும் கடைசியில் வீடு எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது என்று வீட்டுக்கு வந்து உங்கப்பாவுக்குப் பாயசம் வைக்காத குறைதான்.

தைக் கிருத்திகைக்குக் குமரகோட்டம் போனால் பிரகாரத்தில் உன் மாமியார் எதிரே வந்தார்கள். பண்டிகை நாள், முகத்தைத் திருப்பக் கூடாது என்று நின்று பேசினேன். அவர்கள் விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டே, எங்க வூட்டுக்கு வந்துக்கினு இருக்கறப்பதான் அடிபட்டுச்சாம், கிருஷ்ணம்மா சொன்னா, அதைக் கேட்டப்புறந்தான் எனக்கு ஆறுச்சு, என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். சந்நிதி என்றும் பார்க்காமல், அவ எங்கிட்ட வேற மாதிரி சொன்னாளே, என்றேன். அவள், சரி அவர்கள், பொய் சொல்றேனாங்கறீங்களா என்று குரலை உயர்த்தினார்கள். காவடி எடுத்து வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாங்க, நேர்லயே கேட்டுடலாம், என்று இருவரும் வேர்க்க விறுவிறுக்க இட்லிக் கடைக்கு நடந்தோம்.

கிருஷ்ணம்மாள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் தனித்தனியா அழுதுக்கினு வந்து நின்னீங்க, நான் என்னம்மா சொல்லட்டும், நான் அப்போ மாவு ஊத்திக்கினு இருந்தேன், சத்தம் கேட்டுதான் திரும்புனேன், அது எந்தப் பக்கம் போச்சுன்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும், என்றாள். அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. நானும் உன் மாமியாரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள், உங்களுக்கென்ன சம்பந்தியம்மா, பங்குனியில வந்தா ரேவதி உங்க வூட்டு மருமவளாத்தான் வந்து நிப்பா, எனக்கு ரெண்டு நாள் விருந்தாளி, அப்புறம் உங்க வூட்லதான குழந்தைய வச்சிருக்கணும், என்றார்கள். சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார்கள். அடடா, இவர்களும் நம்மை மாதிரியே வயிறெரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டதும் எனக்கு இதமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முதுகைத் தடவிக் கொடுக்கலாம் என்றுகூடக் கையைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் போன் அடித்தது. உன் முகம். அத்தை, பாப்பா தூங்க மாட்டேங்கறா, புட்டாவக் காட்டுங்க, அதப் பாத்தா சிரிப்பா, என்றாய். அவர்கள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, அது ஓட்டு மேல தூங்குது மாப்ள, அப்புறமா காட்றேன், என்றார்கள். புட்டா அங்கே போவது உனக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான். அப்புறம் நீ, அம்மா நல்லாருக்காங்களா அத்தை, என்று கேட்டாய். நான் ஒரு கை தூரத்தில் இட்லிக் குண்டானுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன் தினேஷ். இதோ இருக்காங்களே, பேசுங்க, என்று அவர்கள் என்னிடம் போனை நீட்டினார்கள். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டேன். என் பிள்ளையோடு பேச அடுத்தவர் போனை வாங்க வேண்டுமா, எனக்கு என்ன தலையெழுத்து. தூக்கின கையை அப்படியே இறக்கி, புடவையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன், பயப்பட ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குத் தலைக்குக் குல்லாய் போடாமல் வெளியே எடுத்துப் போகாதே. ரேவதியைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ நண்டு ரசம் குடி, அதையும் நான் தடுக்கவில்லை. எத்தனை வேளை வேண்டுமானாலும் அங்கே சாப்பிடு. மாதத்தில் ஒரு நாளாவது என் நம்பரை முதலில் அழுத்து.

பூனையிடம் கேட்க முடியவில்லை, உன்னிடம் கேட்கலாம். பங்குனியில் பாப்பாவோடு ஏர்போர்ட்டில் இறங்கிக் காரில் வருவீர்களே, அந்தக் கார் முதலில் எந்தத் தெருவில் திரும்பும்? பொன்னேரிக்கரை வழியாக ஊருக்குள் வந்தால் அவர்கள் தெருதான் முதலில் வரும். வழியிலேயே இருக்குதே, ஒரு நிமிஷம் எறங்கிட்டுப் போலாம், என்று ரேவதி சொல்வாள். பெற்ற தாய் வாசலில் நிற்கும்போது அவள் அப்படிச் சொல்வது நியாயம்தான். அங்கே ஆரத்தி எடுத்துவிடுவார்கள். அப்புறம் நான் எடுப்பது இரண்டாவது ஆரத்தி. அதனால் நீ வாலாஜாபாத் பக்கமாக வந்து செவிலிமேடு வழியாக ஊருக்குள் நுழை. அப்படி வந்தால் நம் தெருதான் முதலில். உங்கப்பாவை ஸ்கூட்டியில் உட்காரவைத்து இரண்டு வழியும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சுற்றுத்தான், அரை மணி கூடும், ரோடும் அவ்வளவு சரியில்லை. வழியை மாற்றச் சொன்னது நான் என்று ரேவதிக்குத் தெரிய வேண்டாம், அங்கே ரோடு வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொள். இதற்கு நீ போனில் பதில் சொல்லாதே. நான் வாசலில் தட்டோடு நிற்பேன், கார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

காமாட்சியம்மனும் ஏகாம்பரநாதரும் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சோறும் கொடுக்கட்டும். பாப்பாவுக்கு என் முத்தம், யார் கொடுத்தது என்று சொல்லிக் கொடு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. செவிலிமேடு வழியை மட்டும் கிழிப்பதற்கு முன் மனப்பாடம் செய்துகொள்.

உன்னைப் பெற்றவள்,
காந்தா